வண்டி நின்ற இடம் காலியாக இருந்தால்

சென்னையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது இடம் காலியாக இருந்தால், "தூக்கிட்டாங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. நோ பார்க்கிங் என்று போக்குவரத்துப் போலீஸ் எடுத்திருக்கலாம். ஏதோ வழக்கில் சட்டம்-ஒழுங்கு ஸ்டேஷன் கைப்பற்றியிருக்கலாம். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மாநகராட்சியும் போலீஸும் சேர்ந்து அகற்றியிருக்கலாம். தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ் கம்பெனியின் சீசிங் ஆட்கள் கொண்டுபோயிருக்கலாம். திருடு போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு, கையில் வாங்க வேண்டிய தாளும் வேறு. வண்டியைத் திரும்ப எடுக்க மூன்று நாள் அலைந்தவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு நாளைத் தவறான அலுவலகத்தில்தான் கழித்திருப்பார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது அந்த இடத்திலேயே இருக்கிறது. எதிர் டீக்கடை, இஸ்திரி வண்டி, வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்டு என்று கேளுங்கள். ரெக்கவரி வண்டி வந்துபோனால் தெருவே பார்த்திருக்கும். உங்கள் வண்டி மட்டும் போயிருக்கிறதா, வரிசையாகப் பல வண்டிகள் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். வரிசையே காலி என்றால் அது போலீஸ் வேலையாகத்தான் இருக்கும். தரையில் டயர் இழுபட்ட கறுப்புக் கோடு இருந்தால் பிரேக்கோடு இழுத்திருக்கிறார்கள். அதை அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். கார்க் கண்ணாடித் துகள்கள் கிடந்தால் திருட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது செல்போன். இ-சலான் போட்டிருந்தால், ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். பழைய வண்டி வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர் மாற்றும்போது போன் நம்பரை மாற்றாமல் விட்டிருப்பார்கள், செய்தி முதல் உரிமையாளருக்குப் போய்விடும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அதிலும் ஒன்றும் இல்லை என்றால் 103க்கோ (போக்குவரத்துப் போலீஸ்) 100க்கோ கூப்பிட்டு, தெருப் பெயரையும் வண்டி எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். டிராஃபிக் ஸ்டேஷனும் சட்டம்-ஒழுங்கு ஸ்டேஷனும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் அதிகாரிகள் வேறு, பதிவேடும் வேறு. "இங்கே வரலை" என்று ஒரு மேசையில் சொன்னால் பக்கத்து மேசையிலும் கேட்காமல் திரும்பாதீர்கள்.

எங்கும் தகவல் இல்லை என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட வேண்டாம். அன்றே திருட்டுப் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் அத்தாட்சி) வாங்குங்கள், முதல் தகவல் அறிக்கை போடச் சொல்லிக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தகவல் கொடுத்துவிடுங்கள். போலீஸில் உடனே புகார் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆனால் போலீஸுக்குப் போவதிலேயே தாமதம் என்றால் அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. டோ பண்ணியிருப்பார்கள் என்ற நினைப்பில் ஒரு வாரம் விட்டவர்களின் க்ளெய்ம் சிக்குவது இதனால்தான்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127. இந்த ஒரு பிரிவு தெரிந்தால் பாதி வாக்குவாதம் குறையும். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நிற்கும் வண்டியையும், நிறுத்தத் தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ அதிகாரம் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியவர், அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி. எரிந்தது, நொறுங்கியது, பாதி கழற்றியது என்று போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் வண்டி என்றால் 10 மணி நேரக் கணக்கே கிடையாது, உடனே அகற்றலாம். இழுத்த செலவு உரிமையாளர் தலையில். அபராதம் அதற்கு மேல் தனி.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்று, நோ பார்க்கிங் பலகை இல்லாத தெரு என்றாலும் 10 மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரவு எட்டுக்கு நிறுத்தி மறுநாள் காலை ஏழுக்கு எடுத்தால் 11 மணி நேரம். நடைமுறையில் யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லைதான், ஆனால் புகார் வந்தால் எடுக்க அதிகாரம் உண்டு. இரண்டாவது, டோயிங் லாரியில் வரும் ஒப்பந்தக்காரரின் பையன்களுக்குத் தனியாக எந்த அதிகாரமும் இல்லை. சீருடைக்காரர் ஒருவர் உத்தரவிட்டிருக்க வேண்டும். அவர் பெயரையும் பதவியையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் வேலையை மறித்து லாரி முன்னால் படுக்க உரிமை இல்லை. அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 221இல் போய் முடியும், அப்புறம் 500 ரூபாய் விவகாரம் வக்கீல் விவகாரமாகிவிடும்.

மழைக்கால மேம்பாலங்கள் தனிக் கதை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும், அப்படி எதுவும் இல்லை என்று போக்குவரத்துப் போலீஸே விளக்கம் சொன்னது. அது அந்த நேரத்துச் சலுகை. சட்டப்படி மேம்பாலம் இன்றும் நிறுத்துமிடம் அல்ல. வெள்ளம் வடிந்த பிறகும் நான்கு நாள் அங்கேயே விட்டுவைத்தால் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

கடைக்காரரும் வீட்டுக்காரரும் தாமே எழுதி வைக்கும் 'நோ பார்க்கிங்' பலகைக்குச் சட்ட மதிப்பு இல்லை. அதிகாரம் உள்ள துறை வைத்ததுதான் பலகை. அதற்காக அந்தப் பலகையை அலட்சியமாகக் கடந்துவிடவும் முடியாது. வாசலை அடைத்து நிறுத்துவது பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்புதான். நடைபாதை, வளைவு, சாலைச் சந்திப்புப் பக்கம், பாதசாரிகள் கடக்குமிடம், பஸ் நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு இணையாக இரண்டாவது வரிசை, தவறான திசையில் முகம் வைத்து நிறுத்துவது, இவை எதற்கும் பலகை தேவையில்லை. "இங்கே போர்டே இல்லையே சார்" என்ற வாதம் பெரும்பாலும் தோற்பது இதனால்தான்.

காசுக் கணக்கைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதப்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் பொது அபராதப் பிரிவான 177இல் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தியதாகப் பிரிவு 201 போட்டால் 500 வரை. இழுவைக் கட்டணம் இவற்றில் சேராது. கேட்கிற தொகையில் எது அபராதம், எது இழுவைக் கூலி என்று பிரித்துக் கேளுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக ரசீது வாங்குங்கள். அபராதத்துக்கு இ-சலானில் இடம், நேரம், பிரிவு, அதிகாரி எல்லாம் இருக்கும். கூலிக்கு ரசீது தர மறுத்தால், இழுவை ஒப்பந்தம், நிர்ணயித்த கட்டணம், அன்றைய பதிவேட்டின் நகல் மூன்றையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கத்திச் சண்டை போடுவதைவிட இந்த மனு பலமானது.

சக்கரப் பூட்டு மாட்டியிருந்தால் அதில் ஒட்டிய தாளில் யாரைக் கூப்பிடுவது என்று இருக்கும். பூட்டை உடைத்தால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. கவனிக்காமல் வண்டியை நகர்த்தினால் ஃபெண்டர் மடங்கும், பிரேக் ஹோஸ் அறுபடும். காரில் ஏறுவதற்கு முன் டிரைவர் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். பூட்டுப் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கண்ணில் படாமல் போகும்.

வண்டிக்கு என்ன சேதம் வரும் என்பது அதை எப்படித் தூக்கினார்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம், ஹேண்ட்பிரேக்கோ பின்சக்கரத்தில். முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் இயங்கும் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும், கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பின்டயர் சுழலாமல் தார்ச்சாலையில் தேயும். ஒரு கிலோமீட்டர் போதும், டயரில் ஒரு இடம் தட்டையாகிவிடும். காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தால் பின்பக்கத்தைத் தூக்குவார்கள். அப்போது முன்சக்கரம் தரையில், கியரில், ஸ்டியரிங் லாக்கோடு இருக்கும். இதுதான் மோசமான நிலை. டயரும் தேயும், டிரைவ் ஷாஃப்ட்டும் அடி வாங்கும். ஆம்னி, ஈக்கோ, பொலிரோ மாதிரிப் பின்சக்கர இயக்கம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். ஆட்டோமேட்டிக் கார் 'பி'யில் நிற்கும்போது இயங்கும் சக்கரத்தைத் தரையில் வைத்து இழுத்தால் உள்ளே பல்லைப் பிடித்து நிற்கும் சிறிய கொக்கி உடையும். மின்சாரக் காரின் இயங்கும் சக்கரத்தைச் சுழலவிட்டு இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்க ஆரம்பித்துவிடும், அதன் மின்னணுப் பாகங்கள் தாங்காது. நான்கு சக்கர இயக்கம், மின்சாரக் கார் இரண்டையும் தட்டை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எடுக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் சண்டை போடாமல் "இது ஆட்டோமேட்டிக்", "இது ஈ.வி." என்று சொல்லுங்கள். இழுப்பவருக்கும் அது தெரிந்தால் நல்லதுதான், உடைத்தால் அவருக்கும் தலைவலி.

டூ-வீலரில் சேதம் வேறு மாதிரி. ஹேண்டில் லாக் போட்ட வண்டியைத் தள்ள முடியாது என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி லாரியில் நெருக்கி அடுக்குவார்கள். முதலில் போவது மிரர், அடுத்து இண்டிகேட்டர், பிரேக் லீவர், கிளட்ச் லீவர், சைலன்சரில் கீறல். ஸ்கூட்டரில் முன் ஏப்ரனில் (முன்பக்க மூடியில்) விரிசல் விழும். சாய்த்து வைத்திருந்தால் பெட்ரோல் வடிந்து, ஏர் ஃபில்டருக்குள் ஆயில் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியை உடனே செல்ஃப் போட்டுத் திணறடிக்காமல், நிமிர்த்தி நிறுத்திச் சிறிது நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

வண்டியைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும் முன்பு சுற்றி நின்று வீடியோ எடுத்துவிடுங்கள். நான்கு பக்கம், நான்கு டயர், ஓடிய கிலோமீட்டர், ஸ்டெப்னி, பேட்டரி, டூல் பாக்ஸ், பெட்டிக்குள் இருந்த ஹெல்மெட். அடியில் குனிந்து பார்த்து ஆயிலோ கூலன்ட்டோ சொட்டுகிறதா, சைலன்சர் தொங்குகிறதா என்று கவனியுங்கள். சேதம் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "முன் பம்பர் இடதுபுறம் உடைந்த நிலையில் பெற்றேன்" என்று எழுதிவிடுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே அந்தப் பகுதிப் போக்குவரத்து உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். பிறகு நூறு மீட்டர் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கருகிய வாடை, கையை வைக்க முடியாத வீல் சூடு என்றால் பிரேக் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் கொக்கியை லோயர் ஆர்மில் மாட்டியிருக்கிறார்கள், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். 40-50இல் 'தட் தட்' என்று தாளம் போட்டால் டயர் தட்டையாகிவிட்டது.

இந்தச் சேதத்துக்கு ஓன் டேமேஜ் பாலிசியில் க்ளெய்ம் கேட்கலாம். ஆனால் போலீஸ் கேட்கும் இழுவைக் கூலியைப் பாலிசி தராது. பாலிசியில் எழுதியிருக்கும் டோயிங் தொகை, வழக்கமாகக் காருக்கு 1,500 ரூபாய், டூ-வீலருக்கு 300, விபத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் கொண்டுபோவதற்கு மட்டும்தான்.

சட்டம்-ஒழுங்கு ஸ்டேஷன் எடுத்த வண்டி என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே அபராதம் கட்டி எடுக்க முடியாது. ரைட்டரிடம் (ஸ்டேஷன் எழுத்தர்) குற்ற எண் கேளுங்கள், வண்டி படிவம் 95இல் (கைப்பற்றிய சொத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம்) நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். போயிருந்தால் பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 497 அல்லது 503இல் சொத்துத் திரும்பக் கேட்கும் மனு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 451, 457. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை, பிரமாணப் பத்திரம், ஜாமீன்தாரர் வேண்டும். "விற்கக் கூடாது, மாற்றி அமைக்கக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது, படம் எடுத்து மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் விவரப் பதிவு) போட்டு, பத்திரம் வாங்கிக்கொண்டு விரைவில் விட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கிறோம். காரணம், பெரும்பாலும் யாரும் மனுவே போடவில்லை. வண்டி விலையைவிட வக்கீல் செலவு அதிகம் என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது உரிமையாளர் யார் என்றே தெரிவதில்லை. மணல், சாராயம், கஞ்சா வழக்கில் பிடிபட்டால் சட்டமும் வேறு, பறிமுதல் வரை போகும். அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

தெருவில் மாதக்கணக்கில் கிடக்கும் வண்டியை அகற்ற என்ன செய்வது? 1913இல் மாநகராட்சிக்குச் சொல்லலாம், நம்ம சென்னை செயலியில் படத்தோடு போடலாம். ஆனால் மாநகராட்சி மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது வழக்கு வண்டியா, திருட்டு வண்டியா என்று போலீஸ் சொல்ல வேண்டும். அதனால் ஒரே புகாரை இரண்டு இடத்திலும் கொடுங்கள், ஒன்றின் எண்ணை மற்றொன்றில் குறிப்பிடுங்கள். புகாரில் "பழைய கார் ஒன்று" என்று எழுதினால் அது நகராது. தெரு, எதிர்வீட்டுக் கதவு எண், நம்பர் பிளேட் எண், நிறம், எத்தனை டயர் இறங்கியிருக்கிறது, எந்தத் தேதி முதல் நிற்கிறது, உள்ளே மழைநீர் தேங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள். தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள், அதைக் கவனிக்க வேண்டியது சுகாதாரப் பிரிவு, ஆள் சீக்கிரம் வரும். நம்பர் பிளேட் இல்லை என்றால் சேசிஸ் எண்தான் துணை. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயில் பொறித்திருக்கும். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெளியிலிருந்தே தெரியும். தெரிகிற அளவுக்குப் படம் எடுங்கள், கதவைத் திறந்தோ எதையும் கழற்றியோ பார்க்க வேண்டாம்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத சொத்துக்கு நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். யாரும் வரவில்லை என்றால்தான் ஏலம். அதனால் தெருவிலிருந்து வண்டி போவது ஒரு நாள் வேலை, ஏலம் போவது ஓர் ஆண்டு வேலை. இடையில் அந்த வண்டி நிற்க ஒரு மைதானம் வேண்டும். அந்த இடம் நிரம்பிவிட்டால் புதிதாக எடுப்பது நின்றுபோகும். புகார் தேங்குவதற்கு உண்மையான காரணம் பல நேரம் இந்த இட நெருக்கடிதான், அலட்சியம் மட்டுமல்ல.

கேட்பாரற்ற வண்டியின் நோட்டீஸ் யாருக்குப் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்குத்தான். எட்டு வருடம் முன்பு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விற்ற ஸ்கூட்டர் எங்கேயோ குப்பையாகக் கிடந்தால், இழுவைச் செலவும் கேள்வியும் உங்களைத் தேடி வரும். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இலும் உறுதி செய்திருக்கிறது. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது) கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்) போட்டாரா என்று ஒரு மாதம் கழித்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் வண்டி என்றால், அவர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 (வாரிசு பெயருக்கு மாற்றும் விண்ணப்பம்). கொட்டகையில் நிற்கும் அப்பாவின் பழைய வண்டிக்கு இதை யாரும் செய்வதில்லை. பிறகு விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாற்றான் இடத்தில் நிற்கும் காருக்குப் பிரிவு 127 பொருந்தாது, அது பொதுமக்கள் நுழைய உரிமை உள்ள இடத்துக்கு மட்டும். சங்கமே பூட்டு வாங்கி மாட்டுவதும், தனியார் டோயிங்கைக் கூப்பிட்டு வெளியே தள்ளுவதும் சங்கத்தின் மீதே வழக்காகத் திரும்பலாம். எழுத்தில் நோட்டீஸ், பொதுக்குழுத் தீர்மானம், பிறகு போலீஸில் மனு என்று போவதே வழி.

உங்கள் சொந்த வண்டியே ஓடாத இரும்பாகிவிட்டால், பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். கடைக்காரர் இன்ஜினை ஒருவருக்கும் நம்பர் பிளேட்டை இன்னொருவருக்கும் விற்றால், பதிவு உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் (வண்டியை அழிக்க ஒப்படைத்ததற்கான சான்று) வாங்குங்கள். போவதற்கு முன் நிலுவைச் சலான்களைக் கட்டிவிடுங்கள், கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஹைபோதிகேஷனை (ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை) நீக்கிவிடுங்கள், இவை இரண்டும் பாக்கி இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி இனி ஓடாது என்று 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சட்டத்தின் பிரிவு 55 சொல்கிறது. ஒரு மாதம் கழித்துப் பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு இன்னும் செயலில் இருப்பதாகக் காட்டினால், சான்றிதழ் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய் ரத்து செய்துவிட்டு வாருங்கள்.